கணினிக் கேள்வி–பதில்: மின்பதிவேட்டில் யார் எழுதலாம், யார் திருத்தலாம்?

இம்மாதம் வந்த கடிதங்களில் ஆறு, சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளும் ‘ஈலாக்’ என்ற மின்பதிவேட்டைப் பற்றியவை. ஆகவே இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த இயற்பியலாளர் ஸ்டெஃபான் ரிட் எழுதிய இலவச மென்பொருள் இது. சிறிய கணினி ஒன்றில் நிறுவிவிட்டால், அலுவலக நெட்வொர்க்கில் இருக்கும் எவரும் பிரவுசர் வழியாகப் பதிவு எழுதலாம். யாருக்கு என்ன உரிமை என்பதெல்லாம் ஒரே அமைவுக் கோப்பில் வரிவரியாக எழுதப்படுகிறது. அவ்வரிகளின் பெயர்களை இங்கே தமிழெழுத்தில் தந்திருக்கிறேன். கோப்பில் இடும்போது ஆங்கில எழுத்திலேயே இட வேண்டும்.

பழைய கணினி பழுதானதால், எங்கள் ஆய்வகத்தின் மின்பதிவேட்டைப் புதிய லினக்ஸ் கணினிக்கு மாற்றினோம். எல்லோராலும் உள்நுழைந்து பழைய பதிவுகளைப் படிக்க முடிகிறது. ஆனால் புதிய பதிவைச் சமர்ப்பித்தால் பிழை வருகிறது. பாஸ்வேர்டை மாற்றவும் முடியவில்லை. அமைவுக் கோப்பில் எல்லோருடைய பெயரையும் சேர்த்துப் பார்த்துவிட்டோம். என்ன செய்வது?
— தரமணி வாசகர்

சேர்த்த பெயர்களை முதலில் நீக்கிவிடுங்கள். கோளாறு அங்கே இல்லை.

ஒருவர் பதிவு எழுதுவதற்கு மூன்று இடங்களில் சம்மதம் கிடைக்க வேண்டும். அவர் இன்னார் என்பதைப் பாஸ்வேர்டு கோப்பு ஒப்புக்கொள்ள வேண்டும். இன்னார் இந்தச் செயலைச் செய்யலாம் என்று அமைவுக் கோப்பு அனுமதிக்க வேண்டும். கடைசியாக, ஈலாக் நிரல் எந்த லினக்ஸ் பயனரின் பெயரில் ஓடுகிறதோ, அந்தப் பயனருக்குக் கணினியின் வட்டில் (டிஸ்க்) எழுதும் உரிமை இருக்க வேண்டும். பலரும் முதல் இரண்டை மட்டுமே திரும்பத் திரும்பச் சோதிக்கிறார்கள், ஏனென்றால் பிரவுசரில் கண்ணுக்குத் தெரிபவை அவ்விரண்டுதான்.

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. உள்நுழைய முடிகிறது என்றால் பாஸ்வேர்டு கோப்பு படிக்கப்படுகிறது. பழைய பதிவுகள் தெரிகின்றன என்றால் பதிவுக் கோப்புகளும் படிக்கப்படுகின்றன. நின்றுபோன இரண்டு வேலைகளையும் பாருங்கள்: புதிய பதிவு என்பது பதிவேட்டுக் கோப்புறையில் அன்றைய தேதிக்கான கோப்பை உருவாக்குவது அல்லது அதில் சேர்த்து எழுதுவது, பாஸ்வேர்டு மாற்றம் என்பது பாஸ்வேர்டு கோப்பைத் திருத்தி எழுதுவது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இவ்விரண்டும் ஒரே நேரத்தில் நின்றிருக்கின்றன என்றால், அவற்றுக்குப் பொதுவானது வட்டில் எழுதுவது ஒன்றே. பழைய வட்டிலிருந்து நகலெடுத்தவர், லினக்ஸில் முழு அதிகாரமுள்ள ‘ரூட்’ கணக்கில் இருந்து எடுத்திருப்பார். அதனால் எல்லாக் கோப்புகளும் ரூட்டின் பெயருக்கு மாறிவிட்டிருக்கும். ஈலாக்கோ தனக்கென உள்ள சாதாரணப் பயனரின் பெயரில் ஓடுகிறது. எவரும் படிக்கலாம், உரிமையாளர் மட்டுமே எழுதலாம் என்ற வழக்கமான லினக்ஸ் ஏற்பாட்டில், நீங்கள் சொல்லும் நிலைதான் நேரும்.

‘எல்எஸ்’ கட்டளையை ‘எல்’ குறியுடன் இயக்கி, பதிவேட்டுக் கோப்புறையிலும் பாஸ்வேர்டு கோப்பிலும் உரிமையாளர் பெயர் என்ன என்று பாருங்கள். அமைவுக் கோப்பின் பொதுப் பகுதியில் ‘யூஎஸ்ஆர்’, ‘ஜிஆர்பி’ என்று இரண்டு வரிகள் இருக்கும். அங்குள்ள பெயரும் இதுவும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால், உரிமையாளரை மாற்றும் ‘சிஹெச்ஓன்’ கட்டளையைக் கோப்புறைக்கும் அதன் உள்ளே இருப்பவை அனைத்துக்கும் சேர்த்து இயக்குங்கள். கோப்புகளை மட்டும் மாற்றிக் கோப்புறையை விட்டுவிட்டால், பழைய பதிவைத் திருத்த முடியும், நாளைய பதிவைத் தொடங்க முடியாது என்ற விசித்திரமான நிலைக்குப் போய்ச் சேர்வீர்கள். ‘777 போடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்’ என்று பக்கத்து மேசைக்காரர் யாராவது சொல்லக்கூடும்; எவரும் படிக்கலாம், எழுதலாம் என்று திறந்துவிடும் எண் அது. சரியாகத்தான் ஆகும், கூடவே அந்தக் கணினியில் கணக்கு உள்ள எவரும் பாஸ்வேர்டு கோப்பைத் திறந்து மாற்றவும் வழி பிறக்கும். பழைய ஈலாக் பதிப்புகளில் பாஸ்வேர்டு வெறும் ‘பேஸ்64’ வடிவில் இருந்தது. அது பூட்டு அன்று, உறை மட்டுமே. பிரிக்க ஒரு நொடி போதும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். மாற்றம் எதைச் செய்தாலும் விளைவு தெரியாமல் நான் ஒருமுறை ஒரு முழு மதியத்தைத் தொலைத்தேன். காரணம், கணினியில் இரண்டு அமைவுக் கோப்புகள் இருந்தன. நிரல் படித்தது ஒன்றை, நான் திருத்திக்கொண்டிருந்தது இன்னொன்றை. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியலை ‘பிஎஸ்’ கட்டளையில் எடுத்தால், ஈலாக் தொடங்கப்பட்ட வரியில் ‘சி’ என்ற குறிக்குப் பின்னால் எந்தக் கோப்பு இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

மின்தடைக்குப் பிறகு உள்நுழைவுப் பக்கம் வருகிறது; பாஸ்வேர்டைக் கொடுத்தவுடன் ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்கிறது. கணக்கு முடக்கப்பட்டுவிட்டதா?
— வேளச்சேரி வாசகர்

இல்லை. அமைவுக் கோப்பில் ‘யூஆர்எல்’ என்ற வரியில் சர்வரின் பழைய முகவரி இருக்கும். மின்சாரம் திரும்பியபோது ரவுட்டர் அந்தக் கணினிக்குப் புதிய ஐபி முகவரியைக் கொடுத்திருக்கிறது. உள்நுழைந்தபின் ஈலாக் உங்களைப் பழைய முகவரிக்கே அனுப்புகிறது. ரவுட்டரில் அந்தக் கணினிக்கு நிலையான முகவரியை ஒதுக்கிவிட்டு, அதையே அந்த வரியில் இடுங்கள்.

நான் ஆராய்ச்சி மாணவி. திருமணத்துக்குப் பின் என் இனிஷியலை மாற்றிக்கொண்டேன். மின்பதிவேட்டிலும் முழுப்பெயரைத் திருத்தினேன். அன்று முதல் என்னுடைய சொந்தப் பழைய பதிவுகளையே திருத்த முடியவில்லை. புதிய பதிவுகளில் சிக்கல் இல்லை. ஆய்வேட்டுக்காகச் சில அளவீடுகளுக்கு விளக்கம் சேர்க்க வேண்டியிருக்கிறது.
— கிண்டி வாசகி

உங்கள் பதிவேட்டில் ‘ரெஸ்ட்ரிக்ட் எடிட்’ என்ற விதி இயக்கத்தில் இருக்கிறது: ஒரு பதிவை எழுதியவரே அதைத் திருத்தலாம். நல்ல விதிதான். ஆனால் எழுதியவர் யார் என்பதை ஈலாக் எப்படி அறிகிறது என்பதில்தான் சிக்கல். பதிவு எழுதப்படும்போது ‘ஆத்தர்’ என்ற கட்டத்தில் ஒரு பெயர் பதிகிறது. பின்னாளில் திருத்த வருபவரின் பெயரும் அதுவும் ஒன்றா என்று மென்பொருள் ஒப்பிடுகிறது. அந்தக் கட்டத்தில் முழுப்பெயர் பதியுமாறு உங்கள் நிர்வாகி அமைத்திருக்கிறார். அப்பாவின் ‘எஸ்’ இருந்த இடத்தில் இப்போது ‘ஆர்’ இருக்கிறது. மென்பொருளைப் பொறுத்தவரை நீங்கள் வேறொருவர்.

உடனடி வழி, முழுப்பெயரைத் தற்காலிகமாகப் பழையபடி மாற்றி, வேண்டிய விளக்கங்களைச் சேர்த்துவிட்டு, மீண்டும் புதிய பெயருக்கு வருவது. நிரந்தர வழி நிர்வாகியின் கையில் இருக்கிறது. ‘ப்ரீசெட் ஆத்தர்’ என்ற வரியில் ‘லாங் நேம்’ என்பதற்குப் பதிலாக ‘ஷார்ட் நேம்’ என்று மாற்றினால், முழுப்பெயருக்குப் பதில் லாகின் பெயர் பதியும். லாகின் பெயருக்கு இனிஷியல் கிடையாது, கல்யாணமும் கிடையாது. ஆனால் இந்த மாற்றம் இனி எழுதப்படும் பதிவுகளுக்கே பொருந்தும். ஏற்கனவே பதிந்துள்ள பெயர்களை அது தொடாது. அதோடு, ஆத்தர் கட்டம் ‘லாக்டு அட்ரிப்யூட்ஸ்’ வரியில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் நிர்வாகியைப் பார்க்கச் சொல்லுங்கள். பூட்டப்படாத கட்டத்தில் எவரும் எவர் பெயரையும் தட்டச்சு செய்துவிட முடியும். அப்புறம் இந்த விதிக்குப் பொருளே இல்லை.

இத்தனைக்கும் பிறகு ஒரு யோசனை. ஓராண்டுக்கு முந்தைய அளவீட்டுக்கு இன்று விளக்கம் எழுதுவதானால், பழைய பதிவைத் திருத்துவதைவிட அதற்கு ‘ரிப்ளை’ இட்டுப் புதிய தேதியில் எழுதுவதே முறை என்பது என் கருத்து. காகித நோட்டில் பழைய பக்கத்தின் ஓரத்தில் இன்றைய மையால் எழுதினால் உங்கள் வழிகாட்டி என்ன சொல்வாரோ, அதுவே இங்கும் பொருந்தும்.

எங்கள் ஆலையில் மூன்று ஷிஃப்டுக்கும் ‘ஷிஃப்ட்’ என்ற ஒரே லாகின். சென்ற மாதம் கம்ப்ரஸர் நிறுத்தப்பட்டதைப் பற்றிய ஒரு பதிவு அழிந்துவிட்டது; யார் அழித்தார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இதைச் சரிசெய்யவும், வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளைக் கையாளவும் வழி சொல்லுங்கள்.
— அம்பத்தூர் வாசகர்

அழித்தவரை இனிக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே சாவியை இருபது பேரிடம் கொடுத்துவிட்டு, கதவைத் திறந்தது யார் என்று பூட்டைக் கேட்டுப் பயனில்லை.

ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு தொடங்குங்கள். ‘செல்ஃப் ரெஜிஸ்டர்’ என்ற வரியில் 3 என்று இட்டால் ஊழியர்கள் தாங்களே பெயர் பதியலாம், ஆனால் நிர்வாகி ஒப்புதல் தந்த பிறகே அது செயல்படும். 1 என்று இட்டால் ஒப்புதலே இல்லாமல் நுழைந்துவிடுவார்கள். 2 என்றாலும் அப்படியே, நிர்வாகிக்கு ஒரு மின்னஞ்சல் வரும் என்பது மட்டுமே வேறுபாடு. ‘எஸ்எம்டிபி ஹோஸ்ட்’ வரியில் மின்னஞ்சல் சர்வரைச் சரியாகக் குறிப்பிடாவிட்டால் ஒப்புதல் கேட்கும் அஞ்சல் நிர்வாகியை எட்டாது. ஊழியர் ‘பதிந்தேனே’ என்பார், நிர்வாகி ‘ஒன்றும் வரவில்லையே’ என்பார். எல்லோரும் பதிந்து முடித்தவுடன் அந்த எண்ணை 0 ஆக்கிவிடுங்கள்.

பதிவை அழிக்கும் உரிமை கண்காணிப்பாளர்களுக்குப் போதும்: ‘அலவ் டிலீட்’ என்ற வரியில் அவர்களுடைய லாகின் பெயர்களைக் கமாவால் பிரித்து எழுதுங்கள். முழுப்பெயரை எழுதினால் வேலை செய்யாது. ‘உரிமை கொடுத்தும் கிடைக்கவில்லை’ என்று வரும் புகார்களில் இது அடிக்கடி காணும் தவறு. அடுத்து, ‘அட்மின் யூசர்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் ஈலாக் கணக்குள்ள எல்லோரையும் நிர்வாகியாகவே நடத்தும். இத்தனை நாள் உங்கள் ஆலையில் அந்த வரி இல்லாதிருந்தால், அமைவுக் கோப்பையே யாரும் மாற்றியிருக்க முடியும்.

கட்டுப்பாட்டு அறையில் எல்லோருக்கும் ஒரே கணினி என்பதால், உள்நுழையும்போது ‘நினைவில் வை’ என்ற கட்டத்தை யாரும் தேர்வு செய்யக் கூடாது. ஷிஃப்ட் ஒப்படைக்கும்போது லாக்அவுட் செய்வதையும் ஒப்படைப்பின் பகுதியாக்குங்கள். இதை எந்த அமைவு வரியாலும் செய்துவிட முடியாது. ஷிஃப்ட் இன்சார்ஜ்தான் பழக்க வேண்டும்.

வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அழிப்பதால் அவருடைய பதிவுகள் அழியாது, ஏனென்றால் அவர் பெயர் பதிவுக்குள்ளேயே எழுத்தாக இருக்கிறது. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. அதே லாகின் பெயரில் பின்னொரு நாள் புதியவர் பதிந்தால், பெயர் ஒப்பீட்டின்படி பழைய ‘குமார்’ எழுதியதையெல்லாம் புதிய ‘குமார்’ திருத்தலாம் என்றாகிவிடும். எனவே கணக்கை அழிக்காமல் செயலற்றதாக்கி வையுங்கள். அந்தப் பெயர் யாருக்கும் மீண்டும் கிடைக்காது.

நிர்வாகியின் பாஸ்வேர்டு மறந்துவிட்டது. எங்கள் சர்வருக்கு இணையமோ மின்னஞ்சலோ கிடையாது. எல்லாவற்றையும் மறுபடி நிறுவ வேண்டுமா?
— பெருங்குடி வாசகர்

வேண்டாம். சர்வர் கணினியில் ரூட் உரிமை இருந்தால் போதும். பாஸ்வேர்டு கோப்பை முதலில் நகலெடுத்து வையுங்கள். ‘செல்ஃப் ரெஜிஸ்டர்’ வரியைச் சற்று நேரத்துக்கு 1 ஆக்கி, தற்காலிகப் பயனர் ஒருவரைப் பதிந்து, அவருக்கு உங்களுக்குத் தெரிந்த பாஸ்வேர்டைக் கொடுங்கள். ஈலாக்கை நிறுத்திவிட்டுப் பாஸ்வேர்டு கோப்பைத் திறந்தால், ஒவ்வொரு பயனருக்கும் ஒரு தொகுதி இருக்கும். தற்காலிகப் பயனரின் பாஸ்வேர்டு வரியை முழுமையாக நகலெடுத்து, நிர்வாகியின் தொகுதியில் அதே வரியின் மேல் ஒட்டுங்கள். தற்காலிகத் தொகுதியை நீக்கி, எண்ணை 0 ஆக்கி, ஈலாக்கைத் தொடங்குங்கள். புதிய பாஸ்வேர்டுடன் நிர்வாகி நுழையலாம். நுழைந்ததும் அதை மாற்றிவிடட்டும்.

நாங்கள் மருந்து உற்பத்தியில் இருக்கிறோம். உரிமைகளை நீங்கள் சொல்வதுபோல் கச்சிதமாக அமைத்துவிட்டால், தணிக்கைக்கு உரிய உற்பத்திப் பதிவேடாக இதையே வைத்துக்கொள்ளலாமா?
— ஆலத்தூர் வாசகர்

கூடாது. அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்பவர்களுக்குப் பொருந்தும், அந்நாட்டு உணவு–மருந்து நிர்வாகமான எஃப்டிஏவின் மின்பதிவுகள் பற்றிய 21 சிஎஃப்ஆர் பகுதி 11 விதிகள் 1997 இல் வந்தவை. ஒரு பதிவு மாற்றப்பட்டால் பழைய விவரம் மறையாமல் இருக்க வேண்டும், யார் எப்போது மாற்றினார் என்பது கணினியாலேயே நேரத்துடன் பதியப்பட வேண்டும் என்று அவை கேட்கின்றன. ஈலாக்கின் பதிவுகள், தேதியைப் பெயராகக் கொண்ட சாதாரண உரைக் கோப்புகள். சர்வரின் ரூட் பாஸ்வேர்டு தெரிந்த ஒருவர் அதை எடிட்டரில் திறந்து, 72 டிகிரியை 68 ஆக்கிச் சேமித்தால், ஈலாக்கின் எந்த உரிமை விதியும் குறுக்கே வராது. பராமரிப்புக் குறிப்புகள், கருவி பழுது, ஷிஃப்ட் செய்திகள் ஆகியவற்றுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். பேட்ச் பதிவுகளை, அதற்கென்று சரிபார்க்கப்பட்ட மென்பொருள் கிடைக்கும்வரை, பக்க எண் அச்சிட்ட காகிதப் பதிவேட்டிலேயே தொடருங்கள்.