கருந்துளை ஜோடிகள் நெருங்குவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ ஆய்வகம் பிடித்த முதல் ஈர்ப்பலை (வெளி-காலத்தில் பரவும் சிற்றலை), 36, 29 சூரிய நிறை கொண்ட இரு கருந்துளைகள் இணைந்ததால் வந்ததாமே. பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஈர்ப்பே இழுத்து ஒட்டவைத்துவிடாதா?

பதில்: ஒட்டவைக்காது. நிலா பூமிமேல் விழாமல் சுற்றுகிறதே, அதே கதைதான். பாதை சுருங்க வேண்டுமானால் ஆற்றல் வெளியேற வேண்டும்; வெட்டவெளியில் அதற்கு ஈர்ப்பலையை விட்டால் வேறு வழி கிடையாது. இணைய ஆகும் காலம் தூரத்தின் நான்காம் அடுக்கில் ஏறும்: தூரம் இரட்டித்தால் காலம் 16 மடங்கு. தலா 30 சூரிய நிறை என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள இடைவெளியில் நிறுத்தினால் சுமார் 6 லட்சம் கோடி ஆண்டுகள் ஆகும். அண்டத்தின் வயதோ 1,380 கோடிதான். அதற்குள் இணைய, இடைவெளி ஏறக்குறைய 47 சூரிய ஆரத்துக்குள் இருக்க வேண்டும். புதன் கோளே 83 சூரிய ஆரத்தில் இருக்கிறது! ஆனால் தாய் விண்மீன்கள் முதுமையில் ஆயிரம் சூரிய ஆரம்கூட ஊதக்கூடியவை. அவ்வளவு நெருக்கத்தில் பிறந்தால் பெரும்பாலும் கருந்துளை ஆகும் முன்பே ஒன்றாகிவிடும்.

கேள்வி: அப்படியானால் தள்ளிப் பிறந்து பிறகு நெருங்கினவா? எண்களோடு சொல்லுங்கள் சார்.

பதில்: ஆமாம். 2016இல் பெல்சின்ஸ்கி குழு நேச்சர் இதழில் தந்த மாதிரிக் கணக்கைப் பாருங்கள். 96, 60 சூரிய நிறையில் இரு விண்மீன்கள், 2,460 சூரிய ஆர இடைவெளியில். பெரியது முதலில் வீங்கி, ரோஷ் மடலை (தன் ஈர்ப்பால் வாயுவைப் பிடித்துவைக்கக்கூடிய எல்லையை) தாண்டித் தன் ஹைட்ரஜன் உறையைக் கொட்டுகிறது. பாதியளவைத் துணை வாங்கிக்கொண்டு 85 ஆகிறது. கொடுத்தது 39 நிறையுள்ள ஹீலியம் கருவாக மிஞ்சி, 35 நிறைக் கருந்துளையாகச் சரிகிறது. அடுத்து துணை வீங்கும்போது கருந்துளையையே தன் உறைக்குள் இழுத்துக்கொள்கிறது. இதுதான் 'பொது உறை'. உள்ளே உராய்ந்து பாதையாற்றலை இழக்க, அந்த ஆற்றல் உறையை வெளியே தள்ள, இடைவெளி 3,780லிருந்து 44 சூரிய ஆரமாகச் சுருங்குகிறது. மிஞ்சிய ஹீலியம் விண்மீன் 31 நிறைக் கருந்துளையாகிறது. இத்தனையும் சுமார் 50 லட்சம் ஆண்டுகளில். அதன்பின் இணைவதற்கு 1,030 கோடி ஆண்டுக் காத்திருப்பு.

கேள்வி: உறை வெளியேறாவிட்டால்?

பதில்: கருந்துளை விண்மீனின் கருவுக்குள்ளேயே இறங்கிவிடும், ஜோடி போச்சு. மைய ஹைட்ரஜன் தீர்ந்த உடனேயே வீங்கும் விண்மீனில் கருவுக்கும் உறைக்கும் தெளிவான எல்லை இராது. உறையும் இறுகப் பிணைந்திருக்கும். அதைக் கிளப்பப் பாதையாற்றல் போதாது. முற்றி, வெளி உறை கொதிநீர்போலப் புரளும் கட்டத்தில்தான் உறை சுலபமாகக் கழலும்.

இதனால் இன்று பலர் வேறு வழியை நம்புகிறார்கள், எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது: உறைக்குள் சிக்காமல் நிதானமான நிறைப் பரிமாற்றம். கனமான விண்மீன் இலகுவான கருந்துளைக்குக் கொடுத்தால் பாதை சுருங்கும். கருந்துளை விழுங்கமுடியாமல் சிதறும் வாயுவும் கோண உந்தத்தை (ஜோடியின் சுற்றும் இயக்கத்தின் அளவை) எடுத்துச் செல்லும். நிறை விகிதம் மிக அதிகமானால் பரிமாற்றம் கட்டுமீறிப் பொது உறையில் முடியும். குறைவானால் போதிய அளவு சுருங்காது.

கேள்வி: உலோகச்செறிவு (ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்களின் பங்கு) குறைவு என்று ஏன் எல்லோரும் வலியுறுத்துகிறார்கள்?

பதில்: மேலே சொன்ன கணக்கிலும் சூரியனில் 3 சதவீதம்தான். ஒளி முக்கியமாக இரும்பு அயனிகளைத் தள்ளித்தான் விண்மீன் காற்றை, அதாவது மேற்பரப்பிலிருந்து வெளியேறும் வாயுவை, ஓட்டுகிறது. இரும்பு மிகுந்தால் நிறை கரையும், பாதையும் அகலும்: இரட்டை நட்டம். 2024இல் அறிவிக்கப்பட்ட கையா பிஎச்3 கருந்துளை, நம் பால்வழியிலேயே 33 சூரிய நிறை. அதன் துணை விண்மீனும் உலோகம் வறண்டதுதான்.

கேள்வி: 2019 மே 21 ஈர்ப்பலை நிகழ்வில் இணைந்த கருந்துளைகளில் ஒன்று 85 சூரிய நிறையாமே. அதுவும் இப்படித்தானா?

பதில்: சந்தேகம்தான். ஹீலியம் கரு சுமார் 65 முதல் 135 சூரிய நிறைக்குள் இருந்தால் எலக்ட்ரான்–பாசிட்ரான் ஜோடிகள் உருவாகி அழுத்தம் சரிந்து, விண்மீன் முழுதும் வெடித்துச் சிதறும், கருந்துளை மிஞ்சாது. அதற்குச் சற்றுக் கீழேயும் துடிப்புகளில் நிறை உதிரும். நெரிசலான விண்மீன் கொத்தில், முன்பே இணைந்த கருந்துளை மறுபடி இன்னொன்றோடு இணைந்தது என்ற விளக்கம் அந்த எண்ணுக்கு நன்றாக ஒத்துவருகிறது.