கபசுரத்தைக் காபி போலக் குடிக்கலாமா?

*2020-ல் ஆரம்பித்தது. இன்றும் எங்கள் வீட்டில் ஐந்து பேரும் காலையில் வெறும் வயிற்றில் கபசுரக் குடிநீர் குடிக்கிறோம். கொஞ்ச நாளாக எனக்கு நெஞ்செரிச்சலும் வாய்ப்புண்ணும். இது உடம்பில் இருக்கும் கிருமி வெளியேறுவதற்கான அறிகுறியா? (வாசகர், விருதுநகர்)*

இல்லை ஐயா, அது உங்கள் இரைப்பை போடும் கூச்சல். பெயரைப் பாருங்கள். கபசுரக் குடிநீர் என்றால் கபசுரத்துக்கான, அதாவது சளியோடு வரும் காய்ச்சலுக்கான குடிநீர். காய்ச்சல் இல்லாதவர் வருடக்கணக்கில் குடிப்பதற்கு எழுதப்பட்டதல்ல. அதில் இருப்பது 15 சரக்கு. சுக்கு, திப்பிலி, இலவங்கம், அக்கரகாரம் எல்லாம் காரமும் சூடும் உள்ளவை. சித்திரை வெயிலில் தினமும் அதைக் குடித்தால் வாய் புண்ணாகத்தான் செய்யும்.

சித்த மருத்துவன் நானே இப்படிச் சொல்வதில் சிலருக்கு வருத்தம் உண்டு. ஆனால் எங்கள் துறையில் எந்த மருந்துக்கும் அளவும் நாளும் உண்டு. சளி, காய்ச்சல், உடம்புவலி இருந்தால் மருத்துவரைக் கேட்டுச் சில நாள் குடியுங்கள், பிறகு நிறுத்துங்கள். குடிக்கும் நாளிலாவது ஒழுங்காகக் காய்ச்ச வேண்டும். 5 கிராம் பொடியை 240 மி.லி. தண்ணீரில் போட்டு, சிறு தீயில் 60 மி.லி. ஆக வற்றவைத்து, வடிகட்டி, மூன்று மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். என்னிடம் வந்த ஒருவர் காலையில் ஃபிளாஸ்க்கில் ஊற்றி, அலுவலகத்தில் மாலைவரை வாய் வாயாகக் குடித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் காய்ச்சவே இல்லை. பொடியை வெந்நீரில் கலக்கி, அடியில் தங்கிய மண்டியையும் ஸ்பூனால் வழித்துத் தின்றிருக்கிறார்!

உங்களுக்கு இப்போதைக்கு மோர் போதும். எரிச்சல் இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால் நேரில் காட்டுங்கள்.

*முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எடுக்கிறேன். எதிர்ப்பு சக்தி கூடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சீந்தில் தண்டு தந்தார். அரைத்துக் குடிக்கலாமா? (வாசகி, கும்பகோணம்)*

வேண்டாம் அம்மா. உங்கள் நோயே, எதிர்ப்பு சக்தி ஆள் தெரியாமல் சொந்த மூட்டுகளை அடிப்பதுதான். அதைக் கொஞ்சம் அடக்கிவைக்கத்தான் அந்த மாத்திரை. ஒரு கையால் அடக்கிக்கொண்டு மறுகையால் உசுப்பிவிடுவானேன்?

இன்னொரு காரணமும் இருக்கிறது. 2021-ல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் குடித்துவந்து கல்லீரல் பாதிப்போடு வந்த 6 பேரைப் பற்றி எழுதினார்கள். அது தன்னுடல் தாக்கும் வகை அழற்சியைப் போல இருந்தது. அவர்கள் குடித்த மூலிகை எதுவென்று சரியாக அடையாளம் காணவில்லை என ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. சீந்திலைப் போலவே இருக்கும் வேறு கொடிகளும் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அக்கா தந்த தண்டு எந்தக் கொடியுடையது என்று நீங்களோ நானோ எப்படிச் சொல்வது? மெத்தோட்ரெக்சேட்டுக்கே கல்லீரல் பரிசோதனை அவ்வப்போது செய்ய வேண்டும். மேலே ஒரு சந்தேகத்தை ஏற்றாதீர்கள். கபசுரத்திலும் சீந்தில் சேர்கிறது, அதுவும் உங்களுக்கு வேண்டாம். உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களும் இதைத் தங்களுக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளலாம்.

*வைட்டமின் சி மாத்திரை நல்லதா, நெல்லிக்காயா? தினம் எத்தனை?*

ஒன்று. அதியமான் அவ்வைக்குக் கொடுத்ததும் ஒன்றுதான்.

ஆணுக்கு ஒரு நாளைக்கு 80 மி.கி., பெண்ணுக்கு 65 மி.கி. வைட்டமின் சி போதும் என்கிறது நம் நாட்டுப் பரிந்துரை. நடுத்தர நெல்லிக்காய் ஒன்றோ பாதிக் கொய்யாப்பழமோ அதைத் தந்துவிடும். நெல்லி விலை ஏறும் மாதத்தில் கொய்யாவுக்கு மாறிவிடுங்கள். நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங், அதிக அளவு வைட்டமின் சி ஜலதோஷத்தைத் தடுக்கும் என்று 1970-ல் புத்தகமே எழுதினார். பிறகு நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தினம் மாத்திரை போட்டவர்களுக்கும் சளி அதே அளவுக்கு வந்தது. பெரியவர்களுக்குச் சளி இருக்கும் காலம்தான் ஏறக்குறைய 8 சதவீதம் குறைந்தது. அதாவது ஏழு நாள் சளியில் அரை நாள் லாபம். தேன்நெல்லி ஜாடியில் பெரும்பகுதி சர்க்கரைப் பாகு, சர்க்கரை நோயாளிகள் தொட வேண்டாம்.

*மஞ்சள் பாலில் மிளகு சேர்த்தால் சத்து இருபது மடங்கு ஆகிறதாமே?*

பெங்களூரில் நடந்து 1998-ல் வெளியான ஆய்வு அது. கொடுத்தது மஞ்சள் தூள் அல்ல, மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த குர்குமின் என்ற சத்து 2 கிராம். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். அந்த 2 கிராமுக்கு நீங்கள் அறுபது, எழுபது கிராம் மஞ்சள் தூளைப் பாலில் கரைக்க வேண்டும். தொண்டைக்கு இதமாக இருக்கிறது, தூக்கம் வருகிறது என்றால் தாராளமாகக் குடியுங்கள். அந்தத் தூக்கம்தான் பெரிய மருந்து. கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்கும் உதிரித் தூளை மட்டும் வாங்காதீர்கள், நிறத்துக்காக ஈயம் கலந்த சாயம் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

*எட்டு மாதக் குழந்தைக்கு என் மாமியார் வசம்பைச் சுட்டு உரைத்து, தேனில் குழைத்து நாக்கில் தடவுகிறார். தடுத்தால் "உன் புருஷன் இப்படித்தான் வளர்ந்தான்" என்கிறார்.*

ஒரு வயது முடியும்வரை தேன் கூடவே கூடாது. எவ்வளவு சுத்தமான தேனிலும் பொட்டுலிசக் கிருமியின் விதைகள் இருக்கலாம். பெரியவர்களின் குடல் அதைச் சமாளிக்கும், பச்சைக் குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சைக் கக்கும். முதலில் மலச்சிக்கல், பிறகு பால் சப்ப வலுவின்மை, ஈனக் குரலில் அழுகை. இப்படி எதையாவது கண்டால் அன்றே மருத்துவமனைக்கு ஓடுங்கள். வசம்பும் உள்ளுக்கு வேண்டாம். கையில் கட்டிய வசம்பு வளையல் வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள், திட்டு எனக்கு வரட்டும்.

*டெங்குவுக்குப் பப்பாளி இலைச் சாறு?*

பிளேட்லெட் சற்று வேகமாக ஏறுவதாகச் சில சிறிய ஆய்வுகள் உண்டு. உயிரைக் காப்பாற்றுகிறது என்பதற்குச் சான்று இல்லை. டெங்குவில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது. அதுவும் காய்ச்சல் விட்டு, "அப்பாடா" என்று நாம் உட்காரும் நேரத்தில். கசப்புச் சாற்றைக் குடித்துக் குழந்தை வாந்தி எடுத்தால் உள்ள நீரும் போய்விடும். கஞ்சி, இளநீர், ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், புரூஃபென் கூடாது. வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டு வைத்தியம் முடிந்தது.

*சளி பிடித்திருக்கும்போது தயிர், வாழைப்பழம்?*

ஒத்துக்கொண்டால் சாப்பிடுங்கள். பழைய சோறும் அப்படித்தான்.

*எல்.கே.ஜி. போகும் மகனுக்கு மாதம் தவறாமல் சளி. எதிர்ப்பு சக்தி லேகியம் ஏதாவது சொல்லுங்கள். (வாசகி, ஓசூர்)*

பள்ளியில் சேர்ந்த முதல் வருடம் ஆறு முதல் எட்டு முறை சளி வருவது இயல்பு. ஒவ்வொரு சளியும் அவன் உடம்புக்கு ஒரு பாடம். நான் முதலில் கேட்பது வேறு. எடை ஏறுகிறதா? ரத்தசோகை இருக்கிறதா? பள்ளியில் தரும் பூச்சி மாத்திரையைப் போட்டானா? தடுப்பூசி அட்டையில் எதுவும் விட்டுப்போயிருக்கிறதா? தினம் ஒரு முட்டை, இல்லாவிட்டால் ஒரு கைப்பிடி சுண்டல், ஒரு பழம், ஒன்பது மணிக்குப் படுக்கை. வருடத்தில் இரண்டு முறை நிமோனியா வந்தாலோ, எடை அப்படியே நின்றாலோ குழந்தை மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். அப்போது அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.