விளையாட்டுவழிக் கற்றல்: பலூனில் எண் எங்கே இருக்கிறது?

ஆன்லைன் வகுப்புகளில் விளையாட்டைப் புகுத்துவது பற்றி மதுரைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்.

மேலூர் ஆசிரியை: ஏழாம் வகுப்புக்குப் புள்ளி, பதக்கம், தரவரிசை எல்லாம் வைத்தேன், ஐயா. இப்போது முன்னணியில் இருக்கும் ஐந்தாறு பேர்தான் விளையாடுகிறார்கள்.

பதில்: முப்பதாவது இடத்தில் தன் பெயரை வாரந்தோறும் பார்க்கும் பிள்ளை வேறென்ன செய்யும், அம்மா? ஹேனஸ், ஃபாக்ஸ் இருவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வில் ஒரே பாடம் இரண்டு கல்லூரி வகுப்புகளுக்கு 16 வாரம் நடந்தது. ஒன்றில் மட்டும் பதக்கமும் தரவரிசையும். அந்த வகுப்பில்தான் ஆர்வம் வடிந்தது, தேர்வு மதிப்பெண்ணும் அடிவாங்கியது. தரவரிசையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

செல்லூரிலிருந்து ஒரு தாய்: மகளுக்கு ஐந்து வயது. போனில் எண் விளையாட்டு விளையாடுகிறாள். பலூனை உடைத்தால் நட்சத்திரம். ஆனால் 8 பெரிதா, 5 பெரிதா என்று கேட்டால் விழிக்கிறாள்.

பதில்: பலூன் உடைவதில் எண் எங்கே இருக்கிறது? ரமணி, சீக்லர் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். அமெரிக்காவில் ஏழைக் குடும்பத்துச் சிறு பிள்ளைகளுக்கு 1 முதல் 10 வரை நேர்கோட்டில் கட்டம்; 1, 2 என்று எழுதிய வட்டத்தில் முள்ளைச் சுழற்றினால் 1 அல்லது 2 விழும். இரண்டு வாரத்தில் நான்கே முறை, முறைக்குக் கால் மணி நேரம் போல. எண்ணறிவு ஏறியது, ஒன்பது வாரம் கழித்தும் நின்றது. எண்ணுக்குப் பதில் நிறம் பூசிய கட்டத்தில் விளையாடிய பிள்ளைகளுக்கு ஏறவில்லை.

சூட்சுமம் வாய்விட்டுச் சொல்வதில் இருக்கிறது. 3இல் நின்று 2 விழுந்தால், “ஒன்று, இரண்டு” என்று நகர்த்தக் கூடாது. “நான்கு, ஐந்து” என்று சொல்லி நகர்த்த வேண்டும். நம் பரமபதத்தில் வரிசைக்கு வரிசை திசை திரும்பும், சின்னவளுக்குக் குழப்பம். வாசலில் கோலமாவால் பத்துக் கட்டம் நேராக இழுங்கள். இரண்டு புளியங்கொட்டையை ஒருபக்கம் வெள்ளை தெரியத் தேய்த்து உருட்டட்டும். எத்தனை வெள்ளை விழுகிறதோ அத்தனை கட்டம்; இரண்டும் கறுப்பாக விழுந்தால் மறுபடி. ஆன்லைன் ஆசிரியை திரையில் பார்த்தபடி எண்ணைச் சொல்ல வைக்கலாம்.

திருப்பரங்குன்றம் கல்லூரி மாணவர்: பாடம் முடிந்ததும் கஹூட் என்ற செயலியில் வினாடி வினா வைக்கிறார்கள்; சீக்கிரம் பதில் சொன்னால் கூடுதல் புள்ளி. பயனுண்டா?

பதில்: உண்டு. ரோடிகர், கார்ப்பிக்கி ஆய்வில் (2006) ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். வினாடி வினாவும் நினைவிலிருந்து எடுக்க வைப்பதுதான். வேகத்துக்குப் புள்ளி கொடுப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கேள்விக்கான நேரத்தைக் கூட்டச் சொல்லுங்கள்.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு தந்தை: விளையாட்டு என்றால் பையன் தானாக உட்கார்ந்து படிப்பானா, சார்?

பதில்: வௌட்டர்ஸ் குழு 2013இல் விளையாட்டுவழிக் கற்றல் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. கற்றலும் நினைவில் நிற்பதும் கூடின. ஆர்வத்தில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. உட்காரவைக்கும் வேலை உங்களுடையதுதான்.

எம்.எட். மாணவி, நாகமலை: இதிலேயே ஆய்வேடு எழுதுகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும், ஐயா?

பதில்: ஒப்பிடும் வகுப்புக்கும் அதே பாடம், அதே நேரம் கொடுங்கள். ஒரு மாதம் கழித்து மறுதேர்வு வையுங்கள். விளையாடி முடித்த அன்றே வைத்த தேர்வை மட்டும் கொண்டுவந்தால், நான் வழிகாட்டியாக இருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன்.