வயிற்றுக்குள் கண்ணை உருட்டும் பிள்ளை

கேள்வி: எனக்கு இது தலைப்பிரசவம். 29 வாரம் ஆகிறது. போன வாரம் மதுரையில் ஸ்கேன் எடுத்தபோது, "பிள்ளை கண்ணை உருட்டுது பாருங்க" என்று டாக்டர் காட்டினார். இருட்டுக்குள் எதைப் பார்க்கிறது? கிரகணத்தன்று நான் வெளியே போனதால் மாறுகண் வந்திருக்குமோ என்று மாமியார் பயப்படுகிறார். பார்வை நன்றாக வர வயிற்றில் டார்ச் அடிக்கச் சொல்லி ஒரு வீடியோ பார்த்தேன். செய்யலாமா? என் கணவர் எனக்குச் சொந்தத் தாய்மாமன்.
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: உங்கள் பிள்ளை எதையும் தேடிப் பார்க்கவில்லை. ஆனால் சும்மாவும் உருட்டவில்லை.

கண் மூளையிலிருந்தே முளைத்து வருவது. கரு உண்டான நாலாவது வாரத்தில் முன்மூளையின் இரு பக்கமும் கிளம்பும் புடைப்புகள்தான் பிறகு விழித்திரை, அதாவது ஒளியை வாங்கும் கண்ணின் உட்படலம் ஆகின்றன. மூன்றாம் மாதத்தில் இமைகள் ஒட்டிக்கொள்ளும். 26-வது வாரம் வாக்கில்தான் மறுபடி திறக்கும். இமை மூடியிருக்கும்போதே, 16 வாரத்தை ஒட்டி விழிகள் மெதுவாக நகரத் தொடங்கும். 23 வாரம் வாக்கில் வேகமான அசைவுகளும் சேரும். 1981-லேயே ஸ்கேனில் பார்த்து இதை எழுதியிருக்கிறார்கள். கண் தசைகளை ஆட்டுவிப்பது மூளைத்தண்டு. அது வேலை செய்வதைத்தான் ஸ்கேனில் பார்த்தீர்கள், ஆகவே அது நல்ல சேதி. கண் உருட்டுவதற்கும் மாறுகண்ணுக்கும் சம்பந்தமில்லை. கிரகணத்துக்கும் இல்லை.

இதைவிட ஆச்சரியம் விழித்திரைக்குள் நடப்பது. ஒளியை உணரும் செல்கள் வேலைக்கு வருவதற்கு முன்பே, விழித்திரையின் நரம்பு செல்கள் தாமாகவே அலை அலையாக மின்துடிப்பு அனுப்புகின்றன. பிறக்காத எலிக்குட்டிகளில் 1988-இல் இந்தத் துடிப்பைப் பதிவு செய்தார்கள். மற்ற விலங்குகளிலும் பிறகு கண்டார்கள். பக்கத்துப் பக்கத்துச் செல்கள் ஒன்றாகத் துடிப்பதை வைத்து, கண்ணிலிருந்து வரும் எந்த நரம்பு இழை தனக்குள் எங்கே சேர வேண்டும் என்று மூளை ஒழுங்குபடுத்திக்கொள்கிறது. திருவிழாவுக்கு முந்தின நாள், கூட்டமே இல்லாத திடலில் மைக் செட்காரர் "ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்று ஒவ்வொரு குழாயாகச் சோதிப்பாரே, அந்த மாதிரி. தேவைக்கு மேல் கிளம்பிய இழைகள் உதிரவும் செய்யும்: நாலாம் மாதத்தில் பார்வை நரம்பில் 30 லட்சத்துக்கு மேல் இருப்பவை, பிறப்பதற்குள் 12 லட்சம் அளவுக்கு வந்துவிடும்.

இதற்கெல்லாம் வெளிச்சம் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். கண்ணின் பாவை ஒளிக்குச் சுருங்குவதே 30 வாரத்தை ஒட்டித்தான். டார்ச் வேண்டாம், அந்த வீடியோவை நாலு பேருக்கு அனுப்பவும் வேண்டாம்.

நான் கவலைப்படுவது குறைமாதப் பிரசவத்தைப் பற்றித்தான். விழித்திரையின் ரத்தக் குழாய்கள் 16-வது வாரத்தில் நடுவிலிருந்து வளர ஆரம்பித்து, ஓரத்தை எட்ட 40 வாரம் வரை ஆகும். முந்திப் பிறந்தால் அவை தாறுமாறாக வளர்ந்து பார்வையையே பறிக்கலாம். 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, எடை 2 கிலோவுக்குக் குறைந்தாலோ, 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். மிகவும் முந்திப் பிறந்த பிள்ளைகளுக்கு இன்னும் சீக்கிரம் பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும்போது நீங்களே கேட்டு வாங்குங்கள். மதுரையில் 1976-இலிருந்து அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. இதற்கு வெளியூர் போக வேண்டியதில்லை.

சொந்தத்தில் திருமணம் என்பதால், இரு பக்கமும் சிறு வயதிலேயே பார்வை போனவர்கள், மாலைக்கண் உள்ளவர்கள் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். இருந்தால் இப்போதே மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டாலும் பிறந்த பின் சொட்டு மருந்து விட்டு ஒருமுறை கண்ணைச் சோதிப்பது நல்லது.

பிறந்த முதல் மூன்று மாதம் கண் அவ்வப்போது விலகினால் மாமியார் பதற வேண்டாம். நாலு மாதத்துக்குப் பிறகும் விலகினாலோ, எப்போதுமே விலகியிருந்தாலோ காட்டுங்கள். பாவைக்குள் வெள்ளையாகத் தெரிந்தால் அன்றைக்கே காட்டுங்கள். அப்புறம், கண்ணுக்குள் விளக்கெண்ணெய், தாய்ப்பால், மை எதுவும் கூடாது. திருஷ்டிப் பொட்டைக் கன்னத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.