பழைய போனில் லினக்ஸ் போடலாமா? கடைக்காரரின் ‘ஐஎம்இஐ’ பேச்சை நம்பாதீர்கள்

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “சிங்கப்பூரில் இருக்கும் மகன் விட்டுப்போன ஒன்பிளஸ் 6 போன் பீரோவில் சும்மா கிடக்கிறது. அப்டேட் எதுவும் வருவதில்லை. ஆண்ட்ராய்டுக்குப் பதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டால் நன்றாக ஓடும் என்கிறார்கள். மதுரையில் ஒரு கடையில் விசாரித்தேன். லினக்ஸ் போட 3,500 ரூபாய். போடும்போது போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ நம்பர் அழிந்துவிடும், அதைத் திரும்ப எழுதித் தர 1,500 தனி என்கிறார்கள். கொடுக்கலாமா? என் ஜியோ சிம்மை அதில் போட்டு அன்றாடம் பயன்படுத்த முடியுமா? ஜிபே ஓடுமா? எங்கள் வீட்டு உள்கட்டில் சிக்னல் கிடையாது, வைஃபை காலிங்கில்தான் பேசுகிறோம்.”

முதலில் அந்த 1,500 ரூபாய். அதைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் பணம் மட்டும் போகாது, வழக்கும் வரலாம்.

லினக்ஸ் போடும்போது ஐஎம்இஐ அழிய வேண்டிய அவசியமே இல்லை. அந்த எண்ணுக்கான விவரங்கள் சிக்னலைக் கவனிக்கும் மோடத்துக்கென்று ஒதுக்கிய தனிப் பகுதியில் இருக்கின்றன. முறையாக லினக்ஸ் ஏற்றுகிறவர் அந்தப் பக்கமே போக மாட்டார். கண்ட கண்ட டூலை வைத்து எல்லாவற்றையும் துடைத்தால்தான் அது போகும். தானே துடைத்துவிட்டு, தானே எழுதித் தருவதாகச் சொல்லிக் காசு வாங்குவது சில கடைகளில் தொழிலாகவே நடக்கிறது. எழுதும் எண் உங்களுடையதாகவே இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? எங்கோ உடைந்து கிடந்த போனின் எண்ணாக இருக்கலாம், திருட்டுப் போனின் எண்ணாகவும் இருக்கலாம். 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி ஐஎம்இஐயை மாற்றுவது குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாற்றியது என்று தெரிந்தே வைத்திருப்பவரையும் அந்தப் பிரிவு விடவில்லை. கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விடுவார், போன் உங்கள் கையில் இருக்கும்.

ஆகவே யார் கையில் கொடுப்பதற்கு முன்னும் *#06# அழுத்துங்கள். இரண்டு சிம் போன் என்பதால் 15 இலக்கத்தில் இரண்டு எண்கள் வரும். காகிதத்தில் எழுதி வையுங்கள். கேஒய்எம் என்பதை ஆங்கில எழுத்துகளில் அடித்து, ஓர் இடம் விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் என்ன மாடல், எந்த நிலையில் இருக்கிறது என்று பதில் வரும். பழைய போன் வாங்குகிறவர்களும் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் இதைச் செய்ய வேண்டும்.

அடுத்து அந்த 3,500. லினக்ஸும் இலவசம், போனைக் கிளப்பும் பூட்லோடர் என்ற மென்பொருளின் பூட்டைத் திறப்பதும் இலவசம். செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் ஓஇஎம் அன்லாக்கிங் என்பதை ஆன் செய்யுங்கள். அப்புறம் ஒரு கம்ப்யூட்டர், ஒழுங்கான ஒரு டேட்டா கேபிள், ஒரு மாலைப்பொழுது போதும். திறக்கும்போது போனில் உள்ள அத்தனையும் அழிந்துவிடும். மகன் எடுத்த படங்கள் இருந்தால் முதலில் நகல் எடுங்கள். கணினி படிக்கும் பிள்ளை யாராவது தெருவில் இருந்தால் கூப்பிட்டு உட்கார வைத்துச் செய்யுங்கள். லினக்ஸ் ஏற்றிய பிறகு ‘பாதுகாப்புக்காக’ பூட்லோடரைத் திரும்பப் பூட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் செய்ய விடாதீர்கள். பூட்டினால் போன் கிளம்பாமல் நின்றுவிடும்.

எதைப் போடுவது? உங்கள் மாடலுக்கு போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ். 2017இல் தொடங்கிய திட்டம், ஆல்பைன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. கம்பெனி கைவிட்ட போனைப் பத்தாண்டு ஓட வைக்க வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். ஒன்பிளஸ் 6இல் இருக்கும் ஸ்நாப்டிராகன் 845 சிப்புக்கு ஆர்வலர்கள் நிறைய உழைத்திருக்கிறார்கள், அதனால் உங்களுக்கு நல்ல போன்தான் வாய்த்திருக்கிறது. தயாராகக் கிடைக்கும் மென்பொருள் கோப்பை (இமேஜ்) ஏற்றினால் முதல் கடவுச்சொல் 147147 என்றிருக்கும். உலகத்துக்கே தெரிந்த எண் அது, அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

கடையில்தான் போடுவேன் என்றால் ஒரு எச்சரிக்கை. லினக்ஸ் என்று சொல்லிவிட்டு வேறொரு ஆண்ட்ராய்டு வடிவத்தை (ராம்) ஏற்றி, மேலே ஒரு தீம் ஒட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். காரைக்குடியில் பழைய சாமான் வாங்கப் போகிறவர் தூணைச் சுரண்டிப் பார்க்காமல் பர்மா தேக்கு என்று நம்புவதில்லை. போனையும் அப்படித்தான் பார்த்து வாங்க வேண்டும். கட்டளை அடிக்கும் டெர்மினல் என்ற ஆப்பைத் திறந்து ‘கேட் /இடிசி/ஓஎஸ்-ரிலீஸ்’ என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் அடிக்கச் சொல்லுங்கள். முதல் சில வரிகளிலேயே போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற பெயர் வர வேண்டும். அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பதில் வந்தால், பணத்தைக் கொடுக்காமல் எழுந்து வாருங்கள்.

இனி ஜியோ சிம். பதில்: வேண்டாம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இணையம் வருவதைப் பார்த்துவிட்டு எல்லாரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. பேச்சு முழுக்க வோல்ட்இ வழியாக, அதாவது 4ஜியிலேயே பேசும் ஏற்பாட்டில்தான், போகிறது. அந்த வோல்ட்இயை நடத்தும் மென்பொருளை ஒவ்வொரு கம்பெனியும் தன் ஆண்ட்ராய்டுக்குள் வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டைத் தூக்கினால் அதுவும் சேர்ந்து போய்விடும். லினக்ஸில் அதற்கு மாற்று உருவாக்கும் முயற்சிகள் நடக்கின்றன, ஆனால் அன்றாடப் போனாக நம்பி வைக்கும் நிலைக்கு வரவில்லை. டேட்டா ஓடும், பிரௌசர் திறக்கும், போன் மட்டும் வராது. ஓடிபி எஸ்எம்எஸ்ஸையும் நம்ப முடியாது. ஏர்டெல், பிஎஸ்என்எல் சிம் என்றால் அழைப்பு 2ஜிக்கு இறங்கிப் போக வழி உண்டு. ஆனால் உங்கள் வீட்டில் அதுவும் முழுசாக உதவாது. முகப்பில் நின்றால் பேசலாம். பட்டாலையைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குப் போனால் அந்தச் செங்கல் சுண்ணாம்புச் சுவர் சிக்னலைக் குடித்துவிடும். இப்போது உங்களைக் காப்பாற்றுகிற வைஃபை காலிங்கும் வோல்ட்இயின் அதே ஏற்பாட்டில் ஓடுவதுதான், லினக்ஸ் போட்டால் அதுவும் கிடையாது. ஆக, சிம் இப்போது இருக்கும் போனிலேயே இருக்கட்டும்.

ஜிபே ஓடாது. வேடிராய்டு என்ற ஏற்பாட்டின் மூலம் சில ஆண்ட்ராய்டு ஆப்களைத் திறக்கலாம், ஆனால் பணம் அனுப்பும் ஆப்கள் கூகுள் ஒப்புக்கொண்ட போனா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடும். பட்டன் போன்காரர் பணம் அனுப்ப 2022 மார்ச்சில் தனி வழி செய்து கொடுத்தார்கள், நல்ல காரியம். தன் போனில் எது ஓட வேண்டும் என்று தானே முடிவெடுக்கிறவருக்கு மட்டும் ஏன் கதவடைப்பு? 2018இல் வெளிவந்த உங்கள் போனை ஒன்பிளஸ் கம்பெனி ஆண்ட்ராய்டு 11ஓடு கைவிட்டுவிட்டது. அதன் சிப்பில் இன்றைக்கும் ஒரு குறையும் இல்லை. பழுதுபார்க்கும் உரிமைக்கென்று 2022 டிசம்பரில் அரசு ஒரு வலைதளம் திறந்தது. உதிரிபாகம், வாரண்டி விவரமெல்லாம் அதில் இருக்கிறது. ஆதரவை நிறுத்திய பிறகாவது பூட்டுச் சாவியை வாங்கியவரிடம் கொடு என்று கம்பெனிகளைக் கேட்க இங்கே யாருமில்லை.

அப்படியானால் போடுவதில் என்ன பயன்? வீட்டு வைஃபையில் இணைத்தால் அது ஒரு முழுக் கம்ப்யூட்டர். ஃபயர்ஃபாக்ஸ் ஓடும். ப்ளூடூத் கீபோர்டு சேர்த்தால் கணக்கு எழுதலாம். கருவிகளுக்கிடையே கோப்புகளை நகலெடுக்கும் சிங்த்திங் ஆப்பைப் போட்டுவிட்டால் சிங்கப்பூரில் மகன் எடுக்கும் படங்கள் தானாக உங்கள் வீட்டில் வந்து சேரும், யாருக்கும் மாதச் சந்தா கட்ட வேண்டாம். கேமராவை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: பீரோவில் நாள்கணக்கில் கிடந்த போன் என்பதால், சார்ஜில் போடும் முன் பின்பக்கக் கண்ணாடியைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். ஓரத்தில் கொஞ்சமாவது மேலெழும்பியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. அழுத்தி மூடாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். முதலில் பேட்டரியை மாற்றுங்கள், லினக்ஸ் அப்புறம்.