கூல்டிரிங்க்ஸுக்கு வரி ஏற்றினால் சர்க்கரை நோய் குறையுமா?

"விலை ஏறினால் மட்டும் யார் குடிக்காமல் இருக்கப்போகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலூரில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது எனக்கும் அதே சந்தேகம்தான். ஆம்பூர் பிரியாணியோடு கூல்டிரிங்க்ஸையும் சேர்த்தே கேட்கிற ஊர்ப்பக்கம் இது.

ஆனால் மெக்சிகோவில் குடிப்பதைக் குறைத்திருக்கிறார்கள். 2014-இல் லிட்டருக்கு 1 பெசோ (அந்த நாட்டுப் பணம்) வரி. முதல் வருஷமே விற்பனை சுமார் 6 சதவீதம் இறங்கியது. எனக்குப் பிடித்தது பிரிட்டன் 2018-இல் செய்த வேலை. 100 மில்லியில் சர்க்கரை 5 கிராமுக்குக் கீழே இருந்தால் வரியே கிடையாது, 8 கிராமைத் தொட்டால் அதிக வரி. கம்பெனிகள் தாங்களாகவே சர்க்கரையைக் குறைத்தன. குடிப்பவர்கள் பழக்கத்தை மாற்ற வேண்டியதே இல்லை!

இங்கேயும் வரி இருக்கிறது. 2025 செப்டம்பரிலிருந்து 40 சதவீத ஜிஎஸ்டி. முன்பும் செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 40தான். கோளாறு எங்கே என்றால், சர்க்கரையே இல்லாத டயட் கோலாவுக்கும் அதே 40. கேஸ் இல்லாத மாம்பழ டிரிங்குக்கோ வெறும் 5. அதில் மட்டும் சர்க்கரை இல்லையா என்ன?

பெட்டிக்கடையில் 250 மில்லி கோலா பாட்டில் ஒன்றைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். பெரும்பாலும் 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் இருக்கும். ஒரு பாட்டிலிலேயே 25 கிராம் தாண்டிவிடும். ஒரு நாளைக்கு அதற்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலையில் குடித்த காபிச் சர்க்கரையும் அந்தக் கணக்கில்தான்.

சர்க்கரை நோய்க்குக் காரணம் பல, வரி மட்டும் தீர்த்துவிடாது. ஆனாலும் கேஸுக்குப் போடும் வரியைக் கிராமுக்குப் போடலாம் என்பேன்.