ஷஃபாலி வர்மாவை 15 வயதிலேயே இந்தியப் பெண்கள் கிரிக்கெட் அணியில் எடுத்தது அவசரப்பட்ட முடிவா?

அவசரம்தான் என்று ஒருநாள் நானும் அடித்துச் சொல்லியிருக்கிறேன். 2020 மார்ச் 8, மெல்போர்னில் டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டம். மைதானத்தில் 86,174 பேர். முதல் ஓவரிலேயே ஆஸ்திரேலியாவின் அலிசா ஹீலி கொடுத்த கேட்சை ஷஃபாலி விட்டுவிட்டார். ஹீலி 39 பந்தில் 75 அடித்தார். பிறகு 185 ரன்னைத் துரத்த இறங்கியபோது ஷஃபாலி மூன்றாவது பந்திலேயே 2 ரன்னுக்கு அவுட். எல்லாம் முடிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற அந்தப் பதினாறு வயதுப் பெண்ணைக் கேமரா விடாமல் காட்டிக்கொண்டிருந்தது. "பள்ளிக்கூடப் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்களே" என்று வீட்டில் கத்தியது நினைவிருக்கிறது.

கோபம் தணிந்த பிறகு யோசித்தால் கணக்கு வேறு மாதிரி இருந்தது. அதே தொடரில் அதற்கு முந்தைய நான்கு ஆட்டங்களில் அவர் எடுத்தது 29, 39, 46, 47. நூறு பந்துக்கு 160 என்ற வேகத்தில் அடித்து நம்மை இறுதி வரை கூட்டிப் போனவர்களில் அவரும் ஒருவர். அந்தத் தொடரின்போதே டி20 பேட்டிங் தரவரிசையில் முதலிடமும் வந்துவிட்டது. தயாராகாத பிள்ளை என்று அவரை எப்படிச் சொல்வது?

அவர் வந்த வழியையும் பார்க்க வேண்டும். ஹரியானாவின் ரோத்தக். அப்பா சஞ்சீவ் வர்மா சிறிய நகைக்கடை வைத்திருந்தவர். பெண் என்பதால் பயிற்சி மையங்கள் சேர்க்க மறுக்க, முடியைக் குட்டையாக வெட்டிப் பையனைப் போல அனுப்பினார். அண்ணனுக்கு உடம்பு சரியில்லாதபோது அவன் இடத்தில் பானிபட் போய் ஒரு போட்டியில் ஆடிய கதையும் உண்டு. எங்கள் தெருவில் பந்து பொறுக்கிப் போடும் வேலை மட்டுமே எனக்குக் கிடைத்தது, அதனால் இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கும். 2013-ல் லாஹ்லியில் சச்சின் தன் கடைசி ரஞ்சி ஆட்டத்தை ஆட வந்தபோது, ஒன்பது வயது ஷஃபாலியும் பார்க்கப் போயிருந்தார். ஆறு ஆண்டு கழித்து, 2019 நவம்பரில் செயின்ட் லூசியாவில் வெஸ்ட் இண்டீசுக்கு எதிராக 49 பந்தில் 73. சர்வதேச அரைசதம் அடித்த மிக இளைய இந்தியர் என்ற சச்சினின் முப்பதாண்டுச் சாதனை போயே போச்சு. அதற்கு ஒன்றரை மாதம் முன்பு சூரத்தில் அறிமுக ஆட்டத்தில் டக் அவுட் ஆனவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதனால் வயதைக் குறை சொல்வதை நான் விட்டுவிட்டேன். என் வருத்தமெல்லாம் ஏணியில் படிகளே இல்லாமல் இருந்தது பற்றித்தான். பையன்களுக்கு 19 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை 1988-லேயே தொடங்கிவிட்டது. பெண்களுக்கு முதல் முறை நடந்தது 2023-ல். அதில் இந்திய அணிக்குக் கேப்டன் யார்? மூன்று வடிவிலும் இந்தியாவுக்கு ஆடி முடித்துவிட்ட ஷஃபாலி! கோப்பையை வென்றது சந்தோஷம்தான், ஆனால் பட்டம் வாங்கியவரைப் பிளஸ் டூ பரீட்சை எழுதச் சொன்ன மாதிரி இருந்தது. பெண்கள் பிரீமியர் லீக்கும் அதே ஆண்டுதான் வந்தது. டெஸ்டோ, 2014-க்குப் பிறகு 2021 வரை இந்தியப் பெண்களுக்கு ஒன்றுகூட இல்லை.

இதனால் என்ன ஆகிறது என்றால், தப்புகளைத் திருத்த ஒதுக்குப்புறமான இடமே கிடைக்காது. உடம்பை நோக்கி எழும்பி வரும் பந்துகளில் அவர் தடுமாறுகிறார் என்பதை எதிரணிகள் சீக்கிரமே கண்டுகொண்டன. ஒரு பையனாக இருந்தால் இதை உள்ளூர் ஆட்டங்களில் இரண்டு சீசன் அடி வாங்கிச் சரிசெய்துகொண்டு வந்திருப்பான். இவர் டிவி கேமரா முன்னால் சரிசெய்ய வேண்டியிருந்தது.

ஆனால் பாருங்கள், பொறுமை அதிகம் கேட்கும் டெஸ்டில்தான் அவர் ஆட்டம் ஜொலித்தது. 2021-ல் பிரிஸ்டலில் முதல் டெஸ்ட், 17 வயது, 96-ல் நிற்கிறார். வேறு யாராக இருந்தாலும் ஒற்றை ஒற்றையாகத் தட்டியிருப்பார்கள். இவர் தூக்கி அடித்து மிட் ஆஃபில் கேட்ச் கொடுத்தார். அடுத்த இன்னிங்ஸில் 63. மூன்று ஆண்டு கழித்து நம் சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 197 பந்தில் 205. இரட்டைச் சதத்தை எட்ட எடுத்தது 194 பந்து, பெண்கள் டெஸ்டில் அதுவே அதிவேகம். கடைசியில் ரன் அவுட். அன்று ஒரே நாளில் இந்தியா 525 ரன் சேர்த்தது.

அவ்வளவு அடித்தும் சில மாதங்களிலேயே ஒருநாள் அணியிலிருந்து நீக்கப்பட்டார். ரன் வரவில்லை, நீக்கியதில் தப்பு சொல்ல மாட்டேன். சொல்லப்போனால் 20 வயதில்தான் அவருக்கு உள்ளூர் ஆட்டங்களில் ஆற அமர ஆட நேரம் கிடைத்தது. முதலில் கிடைத்திருக்க வேண்டியது கடைசியில் வந்தது.

2025 ஒருநாள் உலகக் கோப்பைக்கான அணியிலும் முதலில் அவர் பெயர் இல்லை. தொடக்க ஆட்டக்காரர் பிரதிகா ராவல் காயமடைந்ததால் அரையிறுதிக்கு முன் அழைத்தார்கள். நவி மும்பையில் இறுதி ஆட்டம், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 78 பந்தில் 87, ஆட்ட நாயகி விருது. அதைவிட எனக்கு மறக்காதது வேறு. எப்போதாவது மட்டுமே பந்து வீசும் அவரிடம் கேப்டன் ஹர்மன்பிரீத் பந்தைக் கொடுத்தார். முதல் ஓவரிலேயே சூனே லூஸ் அடித்த பந்து நேராக அவரிடமே திரும்பி வந்தது. மெல்போர்ன் ஞாபகத்தில் நான் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டேன். இந்த முறை பிடித்துவிட்டார்.